தகப்பன்சாமிகள் வளரும் வீடு

1908 முதல் 1910 வரை நியூயார்க்கில் ஒரு விநோதமான கணக்கெடுப்பு நடந்தது. ஃபிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர் தம் உதவியாளர்களோடு, கப்பலேறி வந்த குடும்பங்களின் தலைகளை அளந்தார். அப்பா, அம்மா, ஊரில் பிறந்த மூத்த பிள்ளை, அமெரிக்காவில் பிறந்த இளைய பிள்ளை என ஏறத்தாழ 18,000 பேர். போவாஸும் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்தான்.

தலையின் வடிவம் இனத்துக்கே உரிய மாறாத முத்திரை என்று பலரும் நம்பிய காலம் அது. தலையின் நீளத்தில் அகலம் எத்தனை சதவீதம் என்று பார்த்து மனிதர்களையே வகை பிரித்தார்கள். போவாஸுக்குக் கிடைத்த கணக்கு வேறு. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் உருண்டைத் தலை, அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளிடம் சற்று நீண்டிருந்தது. சிசிலிக்காரர்களின் நீளத் தலையோ பிள்ளைகளிடம் சற்று அகன்றிருந்தது. தாய் வந்திறங்கி எத்தனை காலம் கழித்துப் பிள்ளை பிறந்ததோ, அதற்கேற்ப வித்தியாசமும் கூடியது. 2002-இல் இரு ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி அலசி, மாற்றம் அற்பம், மரபே பெரிது என்றார்கள். மறு ஆண்டே வேறு மூவர், போவாஸ் சொன்னது பெரும்பாலும் சரி என்றார்கள். மாற்றம் சிறியது, ஆனால் உண்மை என்றே எனக்குப் படுகிறது.

தலைக்குள் நடக்கும் மாற்றம் அப்படிச் சிறியதல்ல. சீனமோ கொரியமோ தாய்மொழியாகக் கொண்ட 46 பேரின் ஆங்கில இலக்கண அறிவைச் சோதித்த முடிவுகளை ஜான்சனும் நியூபோர்ட்டும் 1989-இல் வெளியிட்டார்கள். ஏழு வயதுக்குள் அமெரிக்கா வந்தவர்கள், அங்கேயே பிறந்தவர்களுக்குச் சமமாக மதிப்பெண் எடுத்தார்கள். அதற்குப்பின் பதின்ம வயது வரை வந்தவர்களுக்கு, வந்த வயது கூடக்கூட மதிப்பெண் இறங்கியது.

ஒரே விமானத்தில் வந்திறங்கும் நாற்பது வயது அப்பாவையும் ஐந்து வயது மகனையும் எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகளில் வங்கிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், மருத்துவர் சொல்வது எல்லாமே மகன் வாய்வழியாகத்தான் அப்பாவுக்கு வரும். முருகன் சிவனுக்கு உபதேசித்ததைச் சுவாமிமலையில் கைகூப்பி வணங்குகிறோம். நம் வீட்டில் நடந்தால் முகம் சுருங்கிவிடுகிறது. பையன் வகுப்பில் அடங்குவதில்லை என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தால், அதைப் படித்துச் சொல்வதும் அதே பையன்தான்! அவன் எதை விழுங்கினான் என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அப்பாவின் நோயை அவரிடமே மகன் சொல்ல நேர்வது இதைவிடக் கொடுமை. 2016-இல் அமெரிக்க அரசு, தன்னிடம் நிதி பெறும் மருத்துவமனைகள் அவசரநிலை தவிர மற்ற நேரங்களில் சிறுபிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று விதி செய்தது.

மகன் ஆங்கிலம் பேசுவதுதான் குற்றமா? 1992 முதல் போர்ட்டஸ், ரும்பாட் என்ற சமூகவியலாளர்கள் மயாமி, சான் டியாகோ பகுதிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடியேறிகளின் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோர் ஆங்கிலத்தில் பின்தங்க, பிள்ளைகள் வீட்டு மொழியையும் கைவிட்ட குடும்பங்களில்தான் அதிகாரம் தலைகீழானது. இரு மொழியும் சரளமாகப் பேசிய பிள்ளைகள் பெற்றோருடன் சண்டையிட்டது குறைவு.