கழிவைக் கரை சேர்க்கும் சிறு தொட்டி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரை ஒட்டி நிலத்துக்குள் நெடுந்தூரம் நுழைந்து கிடக்கிறது பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்பகுதி. 2018 மே 10 முதல் அங்கே படகுகள் கழிப்பறைக் கழிவைத் தண்ணீரில் விடக் கூடாது. படகிலேயே சுத்திகரித்த கழிவாக இருந்தாலும் கூடாது. சில வகைத் தொழில்முறைப் படகுகளுக்குக் கொடுத்த ஐந்தாண்டு அவகாசமும் 2023இல் முடிந்துவிட்டது.

பெரிய படகுகளில் நிரந்தரத் தொட்டி கட்ட இடம் உண்டு. 20 முதல் 26 அடி வரையுள்ள சிறு பாய்மரப் படகுகளின் நிலைமை வேறு. 15,000-க்கும் மேல் கட்டப்பட்ட கேட்டலினா 22 போன்ற படகில், நான்கைந்து பேர் படுக்க இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவது பலகைக்கு அடியிலுள்ள சந்துபொந்துகள்தான். இத்தகைய படகுகளுக்கு ஏற்ற வழி, கழற்றிக் கையில் தூக்கிச் செல்லக்கூடிய கழிவுத் தொட்டி. அதைப் பொருத்துவது பெரிய வித்தை இல்லை. ஆனால் சில இடங்களில் கவனம் தவறினால் படகு நாறும். இன்னும் சில இடங்களில் தவறினால் படகுக்குள் கடலே புகுந்துவிடும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

பியூஜெட் சவுண்ட் பனிப்பாறைகள் குடைந்த பள்ளம். ஆழம் அதிகம். ஆனால் கடலோடு சேரும் அட்மிரால்டி இன்லெட் வாயிலில் அடித்தரை மேடாக உயர்ந்திருப்பதால், உள்ளே இருக்கும் தண்ணீர் எளிதில் மாறுவதில்லை. அதன் கரையோரங்களில் சிப்பியும் மட்டியும் விளைகின்றன. தண்ணீரை வடிகட்டி உண்பவை இவை. தண்ணீரில் இருக்கும் நுண்கிருமியைத் தம் உடலில் சேர்த்துக்கொள்ளும். சிப்பியைப் பலர் பச்சையாகவே உண்பதால், நோரோ வைரஸ் போன்றவை நேராக மனிதர் வயிற்றுக்கு வந்து சேர்கின்றன.

இந்தச் சிப்பி அறுவடை பூர்வகுடி மக்களின் வாழ்வாதாரமும் கூட. ஒப்பந்த உரிமை பெற்ற பழங்குடிகளுக்கு இங்குள்ள சிப்பி வகைகளின் அறுவடையில் பாதி சேரும் என்று நீதிபதி எட்வர்ட் ரஃபீடி 1994இல் தீர்ப்பளித்தார். அசுத்தத்தால் ஒரு கடற்கரையை அறுவடைக்கு மூடினால், அந்த உரிமை ஏட்டில் மட்டும்தான் இருக்கும்.

சுத்திகரித்த கழிவுக்கும் ஏன் தடை என்பதை இரண்டு எண்கள் விளக்கிவிடும். சிப்பி அறுவடைக்கு ஏற்ற நீரில், மலத்தைச் சேர்ந்த கோலிபார்ம் பாக்டீரியா 100 மி.லி.க்குச் சராசரியாக 14-ஐத் தாண்டக் கூடாது. படகில் பொருத்தும் முதல் வகைச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளிவரும் நீரில் 1,000 வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்க விதி. படகுகள் நங்கூரமிடுவது நடுக்கடலில் அல்ல. அலையடங்கிய சிறு குடாக்களில்தான். சிப்பிப் படுகைகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே அளவு சிறிது என்று தள்ளிவிட முடியாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் 312ஆம் பிரிவுதான் அடிப்படை. கரையிலிருந்து மூன்று கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டருக்குள், சுத்திகரிக்காத கழிவை அமெரிக்காவில் எங்குமே விடக் கூடாது. நிரந்தரமாகப் பொருத்திய கழிப்பறை உள்ள படகில் மூன்று வகைக் கருவிகளில் ஒன்று இருந்தாக வேண்டும். முதல் இரண்டும் சுத்திகரித்து வெளியேற்றுபவை. மூன்றாவது, எதையும் வெளியே விடாமல் சேமித்து வைப்பது. கழற்றும் தொட்டியோடு இணைத்த கழிப்பறை இந்த மூன்றாம் வகையில் சேரும். சாதாரண வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் கழிவைச் சேமிக்க மட்டும் செய்யும் தொட்டிக்குத் தனிச் சான்றிதழ் தேவையில்லை என்று கடலோரக் காவல்படை விதி சொல்கிறது.

முழுத் தடை உள்ள இடம் பியூஜெட் சவுண்ட் மட்டும் அல்ல. ரோட் ஐலண்ட் மாநிலம் தன் கடல்நீர் முழுவதற்கும் 1998இலேயே தடை விதித்தது. சுவீடன் 2015 ஏப்ரல் 1 முதல் பொழுதுபோக்குப் படகுகளின் கழிவைத் தன் கடல் எல்லைக்குள் விடத் தடை செய்தது.

எத்தனை லிட்டர்?

நிரந்தரத் தொட்டியின் அளவைப் படகில் உள்ள இடம் தீர்மானிக்கும். கழற்றும் தொட்டியின் அளவைத் தூக்குபவரின் முதுகுதான் தீர்மானிக்கும். 20 லிட்டர் தொட்டி நிரம்பினால் தொட்டியின் எடையும் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டும். அதை அறைக்குள்ளிருந்து குறுகிய ஏணி வழியே மேலே ஏற்றி, ஆடும் படகிலிருந்து படகுத்துறைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் பத்திரமாகத் தூக்க இதுவே உச்சவரம்பு. தொட்டியை விளிம்பு வரை நிரப்பாமல் முக்கால் பங்கோடு நிறுத்துவது நல்லது.

கையால் பம்ப் செய்யும் கடல் கழிப்பறை ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் எடுக்கும். அப்படியானால் 20 லிட்டர் தொட்டி முழுதாக நிரம்பினாலும் பத்து முதல் பதின்மூன்று முறைக்குத்தான் வரும். சிறுநீருக்குக் கொஞ்சமாகவே தண்ணீர் விட்டு, மிச்சத்தைக் கடல்நீர் எடுக்காத உலர் நிலையில் பம்ப் செய்தால் இது கணிசமாகக் கூடும். சற்றே ஒளி ஊடுருவும் பாலிஎத்திலீன் தொட்டியாக வாங்கினால், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது வெளியிலிருந்தே தெரியும், மீட்டர் தேவையில்லை. உலோகத் தொட்டி வேண்டாம். சிறுநீர் அதை அரித்துவிடும்.

எங்கே வைப்பது?

தாழ்வாகவும், படகின் நடுக்கோட்டுக்கு அருகிலும் வைக்க வேண்டும். பலர் மூக்குப்பகுதிப் படுக்கைக்கு அடியில் வைக்கிறார்கள். ஆனால் 20 கிலோ எடை முன்னால் போனால் சிறு படகு அலையில் மூக்குக் குத்தும். கழிப்பறைக்கு அருகே, நடு இருக்கையின் கீழ் இடம் கிடைத்தால் அதுவே மேல். தொட்டி வெளியே வர வேண்டிய வழியையும் முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். உள்ளே போகும் காலித் தொட்டி எப்படிச் சாய்த்தாலும் போகும்; நிரம்பிய தொட்டியை நேராக வைத்தபடிதான் எடுக்க முடியும்.

பாய்மரப் படகு 20, 30 பாகை சாய்ந்து ஓடுவது இயல்பு. அப்போது தொட்டி அசையக் கூடாது. நான்கு பக்கமும் மரக்கட்டை அடைப்பு கொடுத்து, மேலே இரண்டு நைலான் பட்டைகளால் இறுக்குங்கள். பட்டையைப் பிடிக்கும் வளையங்களை, கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு படகின் உட்புறத்தில் ஒட்டிய மரத்துண்டில் திருகுங்கள். எக்காரணம் கொண்டும் படகின் அடிச்சுவரில் திருகாணி இறக்கக் கூடாது.

உள்ளே வரும் குழாய்

கழிப்பறையிலிருந்து தொட்டிக்கு வருவது ஒன்றரை அங்குல ஹோஸ். கழிவுக்கென்றே செய்த ஹோஸாக வாங்குங்கள். மலிவான ஹோஸின் சுவர் வழியே நாளடைவில் நாற்றம் கசியும். பழைய ஹோஸைச் சோதிக்க எளிய வழி உண்டு. வெந்நீரில் நனைத்த துணியை அதன் மேல் சுற்றி, ஆறியபின் எடுத்து முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் ஹோஸை மாற்ற வேண்டும்.

கழிப்பறையிலிருந்து ஹோஸ் முதலில் மேலே ஏறி, வளைந்து, பிறகு தொட்டியின் தலைப்பகுதிக்குள் இறங்கட்டும். அப்போதுதான் பம்ப் செய்தது திரும்பி வராது. கழற்றும்போதும் கடைசிச் சிறு துண்டில் உள்ளது மட்டுமே வடியும். தொட்டி வாயில் ஒரு பந்து வால்வு, அதற்கு மேல் நெம்பினால் கழலும் கேம்லாக் இணைப்பு; இந்த இரண்டும் இருந்தால் போதும். பாலிஎத்திலீனில் பசை ஒட்டாது. ஆகவே மரை கொண்ட இணைப்புகளோ, தொழிற்சாலையிலேயே உருக்கிப் பொருத்தியவையோதான் நிலைக்கும்.

உயிருக்கே முக்கியமான ஒன்று, கடல்நீரை உள்ளே எடுக்கும் குழாய். கழிப்பறையின் விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், அந்தக் குழாய் வழியே கடல் தானாகவே உறிஞ்சப்பட்டு உள்ளே வரும். கழிவுக்கு வெளியே வழி இல்லாததால், அந்தத் தண்ணீர் கோப்பையை நிரப்பிப் படகுக்குள் வழியும். எனவே அந்தத் தண்ணீர், பம்பிலிருந்து கோப்பைக்குப் போகும் வழியில், படகு எவ்வளவு சாய்ந்தாலும் நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கும் ஒரு வளைவைக் கடந்துதான் வர வேண்டும். வளைவின் உச்சியில் காற்றை மட்டும் உள்ளே விடும் வால்வு இருக்க வேண்டும். அதோடு, பயன்படுத்தாத நேரத்தில், அந்தக் குழாய் படகின் அடியில் தொடங்கும் இடத்திலுள்ள கடல்நீர் வால்வை மூடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

காற்றுக் குழாயே உயிர்நாடி

வீட்டு செப்டிக் டேங்கில் சுவரோரம் உயர்ந்து நிற்கும் குழாயின் வேலையைத்தான் படகில் காற்றுக் குழாய் செய்கிறது. அது அடைபட்டால் மூன்று கேடுகள். பம்ப் செய்யும்போது அழுத்தம் ஏறித் தொட்டி வெடிக்கலாம், அல்லது கழிவு கோப்பைக்குத் திரும்பலாம். கரையில் இயந்திரத்தால் உறிஞ்சும்போது காற்று உள்ளே போக வழியின்றித் தொட்டி நசுங்கலாம். மூன்றாவது, நாற்றம். காற்று கிடைத்தால் வேலை செய்யும் பாக்டீரியா பெரும்பாலும் கரியமில வாயுவை வெளியிடும். அதற்கு மணம் இல்லை. காற்று கிடைக்காதபோது பெருகும் பாக்டீரியாதான் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகிறது.

எனவே முக்கால் அங்குலக் குழாய் போட்டால் நல்லது; ஓர் அங்குலம் இன்னும் நல்லது. குறுக்கே கூர்மையான மடிப்போ, தண்ணீர் தேங்கும் தொய்வோ இல்லாமல் ஒரே ஏற்றமாகப் போகட்டும். வெளிவாய் மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே, சாய்ந்தாலும் கடல்நீர் புகாத உயரத்தில் இருக்கட்டும். குளோரினும் பார்மால்டிஹைடு கலந்த மருந்தும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அவற்றைத் தவிர்த்து, முடிந்தவரை நன்னீரில் கழுவுங்கள். குழாயில் தேங்கும் கடல்நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகுவதும் நாற்றத்துக்கு ஒரு காரணம்.

சோதனையும் கரைப்பயணமும்

எல்லாம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் தொட்டியை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். எல்லா இணைப்புக்கும் அடியில் காகிதம் விரித்தால், ஒரு சொட்டுக் கசிவும் தெரிந்துவிடும். அதே தண்ணீரோடு தொட்டியைக் கழற்றி, தூக்கி, படகுத்துறை வரை நடந்து பாருங்கள். கனம் அதிகம் என்றால் சிறிய தொட்டிக்கு மாற இதுவே சமயம்.

கழற்றும்போது வரிசை முக்கியம். சுத்தமான தண்ணீரை இரண்டு தடவை பம்ப் செய்து ஹோஸைக் கழுவ வேண்டும். கடல்நீர் வால்வையும் தொட்டி வால்வையும் மூட வேண்டும். அதன்பிறகே இணைப்பைக் கழற்ற வேண்டும். தொட்டியின் எல்லா வாய்களுக்கும், தொங்கும் ஹோஸ் முனைகளுக்கும் மூடி போட வேண்டும்.

கொட்டும் இடம் எது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 1992ஆம் ஆண்டின் தூய படகுச் சட்டம், கழிவை உறிஞ்சி எடுக்கும் நிலையங்களும் கைத்தொட்டிகளைக் கொட்டும் தொட்டிகளும் கட்டுவதற்கு மாநிலங்களுக்கு மத்திய அரசின் நிதியுதவி கிடைக்க வழிசெய்தது. மேல்தளத்தில் ஒன்றரை அங்குல உறிஞ்சுவாய் ஒன்றையும் சேர்த்துப் பொருத்தினால், நிலையத்தில் தொட்டியைத் தூக்காமலே காலி செய்யலாம். நிலையம் இல்லாத இடத்தில் தூக்கிப் போகலாம்.

அடைக்க வேண்டிய ஓட்டை

பழைய படகுகளில் கழிவை நேரே கடலில் விடும் ஓட்டை இன்னும் இருக்கும். மூன்று கடல் மைலைத் தாண்டிச் செல்லாத சிறு படகுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. படகைக் கரையேற்றும்போது அந்த வால்வை எடுத்துவிட்டு, கண்ணாடி இழையால் ஓட்டையை நிரந்தரமாக மூடிவிடலாம். தண்ணீர் புகக்கூடிய ஒரு வழி குறையும் என்பது முதல் லாபம்.

இரண்டாவது லாபம் இன்னும் பெரியது. ஆளரவமற்ற குடாவில், இரவில், நிரம்பிய தொட்டியோடு நிற்கும் சிறு படகை எந்த அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை. வால்வைத் திருப்பத் தோன்றும் நேரம் அதுதான். திருப்புவதற்கு வால்வே இல்லாத படகில் அந்தச் சபலத்துக்கு இடமில்லை. கழிவு கரைக்குத்தான் போயாக வேண்டும். நங்கூரமிட்ட இடத்துக்குப் பக்கத்தில் சிப்பி பொறுக்கி வாழ்பவருக்கும் அதை உண்பவருக்கும் ஒரு சிறு படகின் உரிமையாளர் கொடுக்கக்கூடிய உறுதியான பாதுகாப்பு இதுவே.