மழை ஓய்ந்த பிறகு ஜெரேனியம்

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போய்வந்தவர்கள் ஜெரேனியத்தைப் பார்த்திருப்பார்கள், பெயர் தெரியாமலேகூட. வீட்டு வாசலில், ஜன்னல் ஓரத்தில், துருப்பிடித்த டின்னில்கூட, நீண்ட காம்பின் நுனியில் கொத்தாகச் சிவப்புப் பூ. ஆசைப்பட்டு ஒரு தொட்டியை வாங்கிச் சென்னைக்கோ மதுரைக்கோ கொண்டுவந்தால், கொஞ்ச நாளில் தண்டு கறுத்துச் சாய்ந்துவிடுகிறது. நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி வெயில் அல்ல, நாம் ஊற்றும் தண்ணீர்.

இந்தச் செடியின் பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. சதைப்பற்றான தண்டில் ஈரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு வறட்சியைக் கடத்தும் பழக்கம் அதற்கு உண்டு. தாவரவியலில் இதற்குப் பெலர்கோனியம் என்று பெயர். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதை ஜெரேனியம் பேரினத்தோடு சேர்த்துவிட்டார். 1789-இல் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். நர்சரிக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை. ஆகவே, உறைபனியையும் தாங்கும் ஜெரேனியம் என்று எங்காவது படித்தால், அது வேறு செடி என்று கடந்துவிடுங்கள்.

சமவெளியில் இதைக் குளிர்கால விருந்தாளியாக நடத்துவதே நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வாங்கினால் மார்ச் வரை பூத்துத் தள்ளும். மழைக்கு முன்னால் வாங்குவது வீண்செலவு. இலையில் குதிரை லாடம் போலக் கரும்பட்டை ஓடும் வகைதான் புதியவர்களுக்கு ஏற்றது. ஐவி போலத் தொங்கும் வகை தொங்கு தொட்டிக்கு அழகு. பட்டுத்துணி மாதிரிப் பெரிய இதழ்களோடு வரும் ‘ரீகல்’ வகையைச் சமவெளிக்காரர்கள் தொடவே வேண்டாம். இரவு நன்றாகக் குளிர்ந்தால்தான் அது மொட்டு விடும்.

ஆறு முதல் எட்டு அங்குல மண்தொட்டி போதும். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கும். செம்மண், ஆற்றுமணல், மண்புழு உரம் மூன்றும் கலந்து, அடித்துளையை ஓட்டுச் சில்லால் மூடுங்கள். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படட்டும். விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், இலை நனையாமல் அடியில் தண்ணீர். தினமும் வாளியோடு மாடியேறும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுதான் கஷ்டம்! தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் இலை மதர்க்கும், பூ குறையும்.

கொத்து வாடியதும் பூக்களை மட்டும் உதிர்த்துவிட்டுக் காம்பை விட்டுவைக்காதீர்கள். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பிடித்துப் பக்கவாட்டில் மடக்கினால் சட்டென்று ஒடிந்து வரும். அடுத்த கொத்து சீக்கிரம் கிளம்பும். இளஞ்செடியில் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை விட்டுப் புதராகும். மாவுப்பூச்சி தெரிந்தால் சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து மாலையில் தெளிக்கலாம். இலையின் அடியில் பழுப்பு வளையங்கள் கண்டால் அது துரு நோய். அந்த இலைகளைப் பறித்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.

பூவைவிட இலைக்காகவே வளர்க்கத் தகுந்த ஒன்றும் உண்டு: ரோஜா ஜெரேனியம். பூ சின்னது, சுமார்தான். இலையைக் கசக்கினால் ரோஜா மணம். ரோஜாவில் இருக்கும் ஜெரானியாலும் சிட்ரோனெல்லாலும் இந்த இலையிலும் இருக்கின்றன. நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் எண்ணெய் வடிப்பதற்காக இதைப் பயிரிட்டிருக்கிறார்கள். நடக்கிற வழியில், கை படும் இடத்தில் வையுங்கள். வீட்டில் பூனை, நாய் இருந்தால் மட்டும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கடித்துத் தின்றால் வாந்தி எடுக்கும்.

கோடையில் தாய்ச்செடி போய்விடலாம் என்பதால் பிப்ரவரியிலேயே போத்து எடுத்துவிடுங்கள். பூக்காத கிளை நுனியில் நான்கு அங்குலம், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, வெட்டுவாய் உலரச் சில மணி நேரம் நிழலில் போடுங்கள். பிறகு மணல் கலந்த மண்ணில் ஊன்றலாம். பாலித்தீன் பை போட்டு மூட வேண்டாம், அழுகிவிடும். வேர் பிடித்த கன்றுகளைக் கோடை முழுவதும் நிழல்வலைக்கு அடியிலும், மழைக்காலத்தில் கூரை உள்ள இடத்திலும் வைத்துக் காப்பாற்றினால், அடுத்த டிசம்பருக்கு நர்சரிக்குப் போக வேண்டியதில்லை.