சந்தும் மாடியும்: கொல்கத்தாச் சிறார் விளையாட்டு

வட கொல்கத்தாவின் பாக்பஜார், ஷியாம்பஜார் போன்ற பழைய பகுதிகளில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. அங்குச் சந்துகளே சிறுவர்களின் ஆடுகளம். கிரிக்கெட், கால்பந்து, கோலி, ‘டாங்குலி’ எனப்படும் கிட்டிப்புள் ஆகியன அவர்களுக்குரியவை. சிறுமியரின் மரபான ஆட்டங்களோ நம் பாண்டியை ஒத்த ‘எக்கா தொக்கா’, சொப்பு வைத்துச் சமைக்கும் ‘ரான்னாபாட்டி’, பொம்மைக் கல்யாணம் முதலியன. இவற்றிற்கு முற்றமோ மாடியோ போதும். தாய் அழைத்தவுடன் எழுந்து செல்லவும் இயலும்.

ஆட்டத்தின் அமைப்பிற்கேற்பப் பேச்சும் அமைகிறது. பலர் கூடியாடும் சந்துக் கிரிக்கெட்டில் ‘அவுட்டா, இல்லையா’ என்ற வழக்கு அடிக்கடி எழும். உரத்து வாதிட்டு, ஒரு முடிவுக்கு வந்து, ஆட்டத்தைத் தொடர வேண்டும். சொப்பு விளையாட்டில் இருவர் மூவர் இணங்கிக் கதை புனைய வேண்டும். ஒருவர் மனம் நொந்தால் ஆட்டமே கலைந்துவிடும்.

அமெரிக்கச் சிறாரை ஆராய்ந்த ஜேனட் லீவர் 1976இல் இத்தகைய வேறுபாட்டையே கண்டார். மால்ட்ஸ், போர்க்கர் என்னும் இருவர் 1982இல் ஒருபடி மேலே சென்று, ஆண்களும் பெண்களும் இருவேறு பேச்சுப் பண்பாடுகளில் வளர்கின்றனர் என்றனர். இக்கூற்று மிகையானது. சிறுவரும் சிறுமியரும் சேர்ந்தாடும் வேளைகள் பல என்பதை பேரி தார்ன் 1993இல் எடுத்துக்காட்டினார். லாஸ் ஏஞ்சலிஸில் பாண்டியாடிய சிறுமியர், கோட்டை மிதித்தவளை எவ்வளவு கடுமையாக மறுத்துப் பேசினர் என்பதை மார்ஜரி குட்வின் பதிவு செய்துள்ளார். வாதத்திறன் சிறுமியரிடம் இல்லாததன்று. அது வெளிப்பட விதிகளுள்ள ஆட்டமும் அதற்கு இடமும் வேண்டும்.

வங்காளத்தில் சிறுமியர் வளர வளர அந்த இடம் சுருங்குவதே பொதுவழக்கு. விலக்குகளும் உண்டு. நதியா மாவட்டத்துச் சாக்தாவில் அண்டை வீட்டுப் பையன்களுடன் பந்தெறிந்து பழகிய ஜூலன் கோஸ்வாமி, 1997இல் ஈடன் தோட்டத்தில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பந்து பொறுக்கும் சிறுமியாக நின்றார். பயிற்சிக்காக அதிகாலை ரயிலேறிக் கொல்கத்தா வந்தார். ஒருநாள் ஆட்டங்களில் 255 விக்கெட்டுகளுடன் 2022இல் ஓய்வு பெற்றார். ஆயினும், தனியொருவரின் விடாமுயற்சியை நம்பிப் பொதுத் திட்டம் வகுத்தல் ஆகாது.

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் 3 முதல் 6 வயதுவரையுள்ள குழந்தைகள் விளையாட்டின் வழியே கற்கின்றனர். அங்குப் பந்தைப் பையனுக்கும் பொம்மையைப் பெண்ணுக்கும் கொடுப்பதைத் தவிர்க்கக் கூடுதல் நிதி தேவையில்லை. வளர்ந்த சிறுமியர்க்கு அது போதாது. பூங்காவில் மாலை நேரம் ஒதுக்குதலும், அவ்வேளையில் வீட்டு வேலையிலிருந்து அவர்களை விடுவிக்கப் பெற்றோரை இணங்கச் செய்தலும் வேண்டும். இவற்றுள் பின்னதே கடினம்.