விளைச்சல் அழிதலும் விற்பனை முடங்கலும்

கமக்காரர் அடையும் நட்டம் இருவகைப்படும். வெள்ளம், வரட்சி முதலியவற்றால் பயிர் நிலத்திலேயே அழிதல் ஒன்று. நன்கு விளைந்த பொருள் விற்க வழியின்றிக் கெடுதல் மற்றொன்று. இரண்டும் கமக்காரருக்கு ஒரே துன்பமாயினும், காப்புறுதி இவற்றை ஒன்றாகக் கொள்வதில்லை.

கொவிட் நோய் காரணமாக 2020 மார்ச் 20 ஆம் திகதி இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கமத்தொழிலுக்கு அனுமதி இருந்தும், சந்தைகள் மூடப்பட்டமையாலும் போக்குவரத்துத் தடைப்பட்டமையாலும் மரக்கறி தேங்கியது. நாவலப்பிட்டியில் ஒருவரின் போஞ்சி, லொறி வராமையால் கொடியிலேயே முற்றிற்று என்றும், மற்றொருவரின் சிறுபோக நெல் வெள்ளத்தில் அழிந்தது என்றும் கொள்வோம். நெல்லுக்கு நட்டஈடு கோரலாம். போஞ்சிக்கோ, பயிர் அழிவுக்கு மாத்திரம் செய்த காப்புறுதி உதவாது.

நம் நாட்டில் 1958 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய பயிர்க் காப்புறுதி, 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு சபையின் பொறுப்பாயிற்று. 2020 இல் அரசு இலவசமாக அளித்த காப்புறுதியில் நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய 6 பயிர்களே அடங்கின.

பிரித்தானியாவிலும் கடைகளை மூடிய வியாபாரிகள் நட்டஈடு கோரினர். 2021 சனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் பெரும்பாலும் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும், தொற்றுநோயால் தொழில் தடைப்படுதலைக் குறிக்கும் வாசகம் பத்திரத்தில் இருந்தவர்களே பயனடைந்தனர். பத்திரத்தின் சொல்லே முடிவு செய்யும் என்பது இதனாற் புலனாகும்.

காப்புறுதி எட்டாதவிடத்து அரசின் உதவியை நாடுதல் வேண்டும். 2020 ஏப்ரல், மே மாதங்களில் வருமானம் குன்றிய குடும்பங்களுக்கு 5,000 ரூபா வழங்கப்பட்டது. பாதிக்கப்பட்ட தொழில்களுக்கு மத்திய வங்கியின் திட்டத்தில் நூற்றுக்கு 4 வட்டியில் கடன் கிடைத்தது. இத்தகைய உதவிகள் குறித்த காலத்துக்கே உரியவை. பிந்தி விண்ணப்பிப்போர் அவற்றை இழப்பர்.

ஆதலால் கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. எப்பயிருக்கு, எவ்விடருக்குக் காப்புறுதி உண்டு என்பதை விதைக்குமுன் கமநல சேவை நிலையத்தில் கேட்டறிக.

2. பயிர் அழிந்தால் உடனே அறிவிக்க. உத்தியோகத்தர் பார்வையிடுமுன் நிலத்தை உழுதுவிடற்க.

3. விதை, உரம் வாங்கிய பற்றுச்சீட்டுக்களையும் விற்பனைக் கணக்கையும் பேணுக. விலைபோகாத பொருளின் நிறையையும் திகதியையும் எழுதி, கிராம உத்தியோகத்தருக்குக் காட்டுக.

4. மரக்கறி முழுவதையும் ஒரே வாரத்தில் அறுவடையாகுமாறு நடாது, தவணை முறையில் நடுக.

துன்பம் வந்தபின் பத்திரத்தைத் தேடுவதிலும், இன்றே அதனைப் படித்தறிதல் நன்று.