சுமையும் கழுத்து நாடியும்

இலண்டன் பிரிட்ஜ் புகையிரத நிலையத்துக்கு அருகே உள்ள கய்ஸ் வைத்தியசாலையை நம்மவர் பலர் அறிவர். 1808ஆம் ஆண்டில் அங்கே சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் அனுமதிக்கப்பட்டார். அவருடைய கழுத்து நாடி வீங்கித் துடித்துக்கொண்டிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் அஸ்ட்லி கூப்பர் அந்நாடியைக் கட்டி, வீக்கத்துக்குச் செல்லும் குருதியை நிறுத்தினார். 1805இல் இதே சிகிச்சையை அவரிடம் பெற்ற பெண் இறந்துபோனார். இத்தொழிலாளியோ 1821 வரை வாழ்ந்தார்.

கழுத்தில் நாடி வீக்கம் ஏற்படுவது அரிது. நாடிச் சுவர் நலிவடையும்போதே அது உண்டாகிறது. முதியோரில் கொழுப்புப் படிவும், இளையோரில் பெரும்பாலும் நாடியின் உட்சுவர் கிழிதலும் காரணமாகின்றன. கிழிந்த இடத்தில் குருதி உறைந்து, அக்கட்டி மூளையை அடைந்தால் பாரிசவாதம் ஏற்படும். 50 வயதுக்குட்பட்டோருக்கு வரும் பாரிசவாதத்தின் முக்கிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

உடலுழைப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? பாரம் தூக்கிய பின்பும், கழுத்தைச் சடுதியாகத் திருப்பிய பின்பும் நாடி கிழிந்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன. 2014 நவம்பரில் அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் பிலிப் ஹியூஸ், சிட்னி மைதானத்தில் கழுத்தில் பந்து பட்டு, பின்கழுத்து நாடி கிழிந்து இரு நாட்களில் இறந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும் பலருக்கு வெளிப்படையான காரணம் எதுவுமின்றியே கிழிவு ஏற்படுகிறது. ஆகவே உடற்பயிற்சியைக் கைவிடுதல் தவறு. குருதியமுக்கத்தைக் குறைத்துப் பாரிசவாதத்தைத் தடுக்க உதவுவதும் அதுவே.

களஞ்சியங்களிலும் கடைகளிலும் பெட்டி சுமக்கும் நம்மவர், கழுத்து வலிக்கு எண்ணெய் தடவிச் சமாளிப்பது வழக்கம். முடிதிருத்தும் கடையில் கழுத்தை நெட்டி முறித்துக்கொள்வோரும் உளர். பெரும்பாலான வலி தசைப்பிடிப்பே. ஆனால் முன்னொருபோதும் இல்லாத வலி கழுத்தின் ஒரு பக்கத்தில் தோன்றி, அதனுடன் தலைவலி, ஒரு கண்ணிமை தாழ்தல், காதுக்குள் நாடித்துடிப்புக் கேட்டல் என்பனவும் சேர்ந்தால், தடவவும் வேண்டாம், முறிக்கவும் வேண்டாம். உடனே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். முகம் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ தாமதியாது 999 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் பெறும் சிகிச்சை, வதிவிட அனுமதி இல்லாதவருக்கும் இலவசம். புகலிடக் கோரிக்கை பரிசீலனையில் உள்ளோர், வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளரையும் கேட்டுப் பெறலாம். விசா பற்றிய அச்சத்தால் எவரும் வலியோடு வீட்டில் காத்திருக்கலாகாது.