முயல்களில் பாக்டீரிய நுரையீரல் அழற்சி

முயல்களில் பாக்டீரிய நுரையீரல் அழற்சி என்பது, பாக்டீரியாக்கள் நுரையீரலின் காற்று நுண்ணறைகளைத் தாக்குவதால் உண்டாகும் நோயாகும். காட்டு முயல்களையும் பண்ணைகளில் வளர்க்கப்படும் குழிமுயல்களையும் இது தாக்குகிறது. இதனை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் முதன்மையானது பாசுடெரெல்லா மல்டோசிடா ஆகும். கோழிக் காலராவை உண்டாக்கும் இதே பாக்டீரியாவை வலுவிழக்கச் செய்து தடுப்பூசி ஆய்வுகளை 1880 ஆம் ஆண்டில் வெளியிட்ட லூயி பாசுச்சரின் நினைவாக இப்பேரினம் பெயரிடப்பட்டது.

நோய் உண்டாகும் முறை

நலமாக உள்ள பல முயல்களின் மூக்கிலும் இப்பாக்டீரியா தீங்கின்றி வாழ்கிறது. ஆகவே கிருமி எங்கிருந்து வந்தது என்பதைவிட, விலங்கின் எதிர்ப்பாற்றல் ஏன் குறைந்தது என்பதே இங்கு முக்கியமான கேள்வியாகும். காற்றோட்டமற்ற கூண்டுகளில் சிறுநீரிலிருந்து அம்மோனியா வளிமம் வெளிப்படுகிறது. மூச்சுக்குழாயில் சளியையும் கிருமிகளையும் மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்களை அது சிதைக்கிறது. அதன்பின் மூக்கிலுள்ள பாக்டீரியா தடையின்றி நுரையீரலை அடைகிறது. இட நெருக்கடி, குளிர், நெடும்பயணம் ஆகியவையும் இவ்வாறே வழிவகுக்கின்றன.

அறிகுறிகள்

தும்மல், மூக்கில் சளி வடிதல், மூச்சுத்திணறல், உணவை மறுத்தல் ஆகியவை காணப்படும். முயல் முன்கால்களால் மூக்கைத் துடைத்துக்கொள்வதால், அக்கால்களின் உட்புற மயிர் சளி ஒட்டித் திரிந்திருக்கும். சில முயல்கள் எந்த அறிகுறியுமின்றி இறப்பதும் உண்டு.

மருத்துவம்

என்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பிகள் கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் தரப்படுகின்றன. அமாக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகத் தருதல் கூடாது. அவை குடலின் நன்மை தரும் பாக்டீரியாக்களை அழித்து, முயலின் உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடும். மனிதருக்கான மருந்தை வீட்டில் வளர்க்கும் முயலுக்குத் தாமாகவே கொடுப்பது இதனாலேயே ஆபத்தானது. மருந்துக்குப் பின்னும் பாக்டீரியா மூக்கில் தங்கிவிடுவதால் நோய் திரும்ப வரலாம்.

பிற விலங்குகள்

போர்டெட்டெல்லா பிராங்கிசெப்டிகா என்னும் பாக்டீரியா முயல்களுக்குப் பெரும்பாலும் சிறு தொல்லையே தருகிறது. கினிப் பன்றிகளிலோ கொடிய நுரையீரல் அழற்சியை உண்டாக்குகிறது. இவ்விரண்டையும் ஒரே கூண்டில் வளர்க்கலாகாது. நெடுந்தொலைவு ஏற்றிச் செல்லப்படும் மாடுகளில், மான்கைமியா ஈமோலிட்டிகா என்னும் பாக்டீரியா நுரையீரல் அழற்சியை ஏற்படுத்துகிறது. தமிழகத்தில் தொண்டை அடைப்பான் என அழைக்கப்படும் மாட்டுநோய்க்குக் காரணம் பாசுடெரெல்லா மல்டோசிடாவின் சில வகைகளாகும். இந்நோயில் பாக்டீரியா குருதியில் பெருகி உடல் முழுதும் பரவுகிறது.

கசக்கசுத்தானில் 2015 ஆம் ஆண்டு மே மாதத்தில், சில வாரங்களுக்குள் 2,00,000க்கும் மேற்பட்ட சைகா மறிமான்கள் இந்நோயால் மடிந்தன. அங்கும் பாக்டீரியா புதிதாக வந்ததன்று எனக் கருதப்படுகிறது. வழக்கத்தை மீறிய வெப்பமும் ஈரப்பதமும் நிலவிய நாட்களை அடுத்து இவ்விறப்புகள் நிகழ்ந்தன என 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அத்தட்பவெப்பம், மறிமான்களின் உடலில் தீங்கின்றி இருந்த பாக்டீரியாவை எவ்வாறு தூண்டியது என்பது தெளிவாகவில்லை.