கையொப்பமும் இசையொலியும்

பள்ளியின் காலை வழிபாட்டில் ஆர்மோனியம் ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். இசைக் கச்சேரிகளில் துருத்தியுடைய சுருதிப்பெட்டியையும் கண்டிருக்கலாம். இவ்விரண்டிலும் ஒலியைப் பிறப்பிப்பது, ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை அசையுமாறு விடப்பட்ட மெல்லிய உலோக நாக்கு ஆகும். இதனை ரீடு என்பர். அத்தகைய ரீடுகளைக் கொண்டு, துருத்திக்குப் பதிலாக மனிதரின் மூச்சால் இயங்கும் சிறு கருவியே மவுத் ஆர்கன். இதனை ஆர்மோனிகா என்றும் அழைப்பர். 1975-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஷோலே’ திரைப்படத்தில் அமிதாப் பச்சன் ஏற்ற பாத்திரம் வாசிப்பது இக்கருவியையே.

பொதுவான மவுத் ஆர்கனில் 10 துளைகளும் 20 ரீடுகளும் உள்ளன. ஒவ்வொரு துளைக்கும் இரண்டு ரீடுகள் உண்டு. மூச்சை ஊதும்போது ஒன்றும், உள்ளிழுக்கும்போது மற்றொன்றும் அதிரும். நீண்ட ரீடு தாழ்ந்த ஒலியையும் குறுகிய ரீடு உயர்ந்த ஒலியையும் தரும். ரீடுகள் பொருந்திய இரு தகடுகளுக்கு நடுவே, காற்றறைகளாகப் பகுக்கப்பட்ட மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன பலகை இருக்கும். மேலும் கீழும் உள்ள மூடித் தகடுகளே நம் கண்ணுக்குப் புலப்படுபவை. அம்மூடியின் மீதுதான் நிறுவனத்தின் பெயரும், சில வேளைகளில் புகழ்பெற்றோரின் கையொப்பமும் பொறிக்கப்படுகின்றன.

ஜெர்மனி நாட்டின் ட்ரோசிங்கன் என்னும் ஊரில், 1857-ஆம் ஆண்டு, மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரத் தொழிலாளர் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கினார். அவர் நிறுவிய ஹோனர் நிறுவனம் பின்னர் உலகெங்கும் பெயர் பெற்றது. 1896-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘மரைன் பேண்ட்’ என்னும் வகை இன்றளவும் விற்பனையாகிறது. இசைக்கலைஞர்களின் பெயர் தாங்கிய மவுத் ஆர்கன்களையும் அந்நிறுவனம் செய்து வருகிறது.

இவ்வாறு பெயர் தாங்கியவை எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. அவற்றை மூன்று வகையாகப் பிரித்து அறிதல் வேண்டும்.

முதல் வகை, கையொப்பம் இயந்திரத்தால் பொறிக்கப்பட்டது. ‘பீட்டில்ஸ்’ குழுவினர் 1962-இல் வெளியிட்ட ‘லவ் மீ டூ’ பாடலில் மவுத் ஆர்கன் வாசித்தவர் ஜான் லெனன். அவர் 1980-இல் மறைந்தார். பின்னாளில் அவர் பெயரால் ஒரு மவுத் ஆர்கன் வெளிவந்தது. அதனை அவர் தொட்டதுமில்லை, அதில் ஒப்பமிட்டதுமில்லை. அஃது அவரை நினைவூட்டும் பொருள் மட்டுமே.

இரண்டாம் வகை, கலைஞர் தம் கையால் ஒப்பமிட்டது. 2016-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற பாடகர் பாப் டிலன் பெயரால் 2008-இல் மவுத் ஆர்கன்கள் வெளிவந்தன. ஒரு கட்டைச் சுருதிக்குரிய தனிக் கருவியும், ஒன்று முதல் ஏழு கட்டை வரையிலான ஏழு கருவிகள் அடங்கிய பெட்டியும் விற்கப்பட்டன. இவையன்றி, டிலன் தம் கையால் ஒப்பமிட்டவை மிகக் குறைந்த எண்ணிக்கையில், மிக உயர்ந்த விலையில் வந்தன. அவ்விலை உலோகத்திற்கோ ஒலிக்கோ உரியதன்று. ஒப்பத்திற்கும் அதன் அருமைக்கும் உரியதாகும்.

மூன்றாம் வகை, கலைஞரின் வாசிப்பு முறைக்கேற்ப அமைந்தது. பெல்ஜியம் நாட்டில் பிறந்த டூட்ஸ் தீலமான்ஸ் (1922–2016) பொத்தானை அழுத்தி அரைச்சுரங்களையும் எழுப்பும் பெரிய மவுத் ஆர்கனில் ஜாஸ் இசை வாசித்துப் புகழ் பெற்றார். அவர் பெயரால் இரு கருவிகள் வந்தன: ஒன்று மென்மையான ஒலிக்கு, மற்றொன்று விரைந்து, அழுத்தி வாசிப்பதற்கு. இங்கே பெயர், மூடியோடு நில்லாமல் ஒலிக்குள்ளும் செல்கிறது.

இனி ஒரு வினா எழுகிறது. பெயர் தாங்கிய கருவியை வாசிக்கலாமா, பெட்டியிலேயே பாதுகாக்கலாமா? வயலினை நூறாண்டுகள் வாசித்தாலும், நன்கு பேணினால் அதன் மதிப்புக் குன்றுவதில்லை. மவுத் ஆர்கனோ அவ்வாறன்று. இடையறாது அதிரும் ரீடு நாளடைவில் தளர்ந்து சுருதி பிசகும். சில வேளைகளில் முறியும். மூச்சின் ஈரத்தால் மரப்பலகை உப்பும். மேலும், ஒருவர் வாய்வைத்த கருவியை மற்றொருவர் வாங்கத் தயங்குவர். ஆகவே சேகரிப்பவர் திறவாத பெட்டியை நாடுகிறார். வாசிப்பவரோ தேய்மானத்தை இயல்பென ஏற்று, தளர்ந்த ரீட்டை மாற்றிக்கொள்கிறார். ஒரே கருவியில் இருவர் விருப்பமும் நிறைவேறுதல் அரிது.

எனினும், வாசித்ததனாலேயே மதிப்புப் பெற்ற மவுத் ஆர்கனும் உண்டு. 1965 டிசம்பரில் ஜெமினி-6 விண்கலத்தில் பறந்த வால்ட்டர் ஷிரா, நான்கே துளைகளுடைய மிகச் சிறிய மவுத் ஆர்கனை உடன் கொண்டு சென்றார். கிறிஸ்துமஸ் நெருங்கிய அவ்வேளையில், ‘ஜிங்கிள் பெல்ஸ்’ மெட்டை அதில் வாசித்தார். உடன் சென்ற தாமஸ் ஸ்டாஃபர்டு சிறு மணிகளை ஒலித்தார். அக்கருவி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வான்வெளி அருங்காட்சியகத்தின் உடைமை. அதனை அருங்காட்சிப் பொருளாக்கியது கையொப்பமன்று. விண்ணில் எழுந்த ஒலியே.

சேகரித்தல் பிழையன்று. சேகரிப்பவர் இல்லையேல் பழங்கருவிகள் பல அழிந்திருக்கும். ட்ரோசிங்கனில் உள்ள மவுத் ஆர்கன் அருங்காட்சியகமும் அத்தகைய சேகரிப்பால் நிற்பதே. ஆனால் வாங்குமுன் நம் நோக்கம் யாது என்பதில் தெளிவு வேண்டும். சேகரிக்க வாங்குவோர், ஒப்பம் கையால் இடப்பட்டதா, பொறிக்கப்பட்டதா, அதற்குச் சான்றிதழ் உண்டா என ஆராய வேண்டும். வாசிக்கப் பழகுவோர், எல்லாத் துளைகளும் ஊதும்போதும் இழுக்கும்போதும் எளிதில் ஒலிக்கின்றனவா, தமக்கு வேண்டிய சுருதியில் கிடைக்கிறதா எனக் காண வேண்டும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் இசை கற்க விரும்பும் மாணவர்க்குப் பெயரற்ற எளிய கருவியே போதும். மூடியின் மீதுள்ள பெயர் அவருக்கு இசையைக் கற்றுத் தராது. நாள்தோறும் செய்யும் பயிற்சியே கற்றுத் தரும்.

சொற்பொருள்

துருத்தி – காற்றை உட்கொண்டு வெளியேற்றும் அமைப்பு
பிசகுதல் – தவறுதல்
குன்றுதல் – குறைதல்
யாது – எது

பயிற்சி

1. மவுத் ஆர்கனில் ஒலி எவ்வாறு பிறக்கிறது?
2. பெயர் தாங்கிய மவுத் ஆர்கன்களின் மூன்று வகைகளையும் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. வயலினுக்கும் மவுத் ஆர்கனுக்கும் உள்ள வேறுபாடாகப் பாடம் கூறுவது யாது?
4. உங்கள் வீட்டில் பயன்படுத்தாமல் பாதுகாக்கப்படும் பொருள் ஒன்றைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிந்து, அதனைப் பயன்படுத்தலாமா, பாதுகாக்கலாமா என உங்கள் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.